மெல்கோர்: புனைந்த தொன்மத்தில் வீழ்ந்த விண்ணவன்

தொன்மங்களுக்கு ஆசிரியர் இல்லை என்பது பொதுவாக நாம் கொண்டுள்ள கருத்து. ஓர் இனத்தார் பல நூற்றாண்டுகள் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த கதைகளே பின்னர் ஏட்டில் ஏறுகின்றன. முதலில் சொன்னவர் யார், இடையில் மாற்றியவர் யார், எக்காரணம் பற்றி மாற்றினார் என்பனவற்றை எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயின், 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் தனியொருவராக அமர்ந்து, உலகத் தோற்றம் முதலாக ஒரு முழுத் தொன்மத்தையே புனைந்தார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் அதனைத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் எழுதிய படிகள் பலவும் இன்று அச்சில் உள்ளன. ஒரு தொன்மம் பிறந்து வளரும் முறையைக் கண்முன் வைத்து ஆராயும் வாய்ப்பு வரலாற்று மாணவருக்கு இங்கே கிட்டுகிறது. அத்தொன்மத்தின் தலையாய தீயோன் மெல்கோர். கதைக்குள் அவன் வீழ்ந்த வரலாற்றையும், கதாசிரியர் உள்ளத்தில் அவன் உருமாறிய வரலாற்றையும் ஒருங்கே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கின். 1892ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளூம்பொன்டெயினில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தார். தாயார் 1900இல் கத்தோலிக்க நெறியைத் தழுவியவர். அந்நெறியே மகனுக்கும் வாழ்நாள் முழுதும் பற்றுக்கோடாயிற்று. ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலமும் வடபுல மொழிகளும் கற்று, 1925 முதல் 1959 வரை அங்கேயே பேராசிரியராக விளங்கினார். 1937இல் வெளிவந்த 'ஹாபிட்' என்னும் சிறுவர் கதையும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்த 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருநூலும் அவருக்கு உலகப்புகழ் தேடித்தந்தன. 2001 முதல் 2003 வரை திரைக்கு வந்த மூன்று படங்களின் வாயிலாக நம் மாணவர் பலரும் அக்கதையை அறிவர். அங்கே அவர்கள் காணும் தீயோன் சௌரோன். அவன் பணியாள்தான்; மெல்கோரே அவனுக்குத் தலைவன். தலைவனின் கதை, ஆசிரியர் 1973இல் மறைந்த பின், 1977இல் அவர்தம் மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்த 'சில்மரிலியன்' என்னும் நூலில் உள்ளது.

அக்கதை இசையில் தொடங்குகிறது. எரு எனவும் இலூவதார் எனவும் பெயர் பெற்ற பரம்பொருள் முதற்கண் ஐனூர் என்னும் விண்ணவரைத் தம் எண்ணத்தினின்று தோற்றுவிக்கிறார். அவர்கட்கு ஓர் இசைக்கருவைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலுக்கேற்ப அதனை விரித்துப் பாடுமாறு பணிக்கிறார். மெல்கோர் அவர்களுள் ஆற்றல் மிக்கவன். ஏனையோர்க்குத் தனித்தனியே வாய்த்த வரங்கள் எல்லாவற்றிலும் அவனுக்குப் பங்கு உண்டு. இத்துணைப் பேறு பெற்றவனுக்கு ஒன்று மட்டும் கிட்டவில்லை. இல்லாத ஒன்றை உள்ளதாக்கும் அழியாச் சுடர் இலூவதாரிடமே இருந்தது. அதைத் தேடி வெறுவெளியில் தனியே அலைந்தான். தனிமையில், உடன்பிறந்தார் எண்ணத்தோடு ஒவ்வாத எண்ணங்கள் அவனுள் முளைத்தன. அவற்றைப் பேரிசையினுள் புகுத்தினான், சுருதி கலைந்தது. அருகிருந்தோர் சிலர் பாட்டை நிறுத்தினர். சிலர் அவனுடைய இசைக்குத் தம் குரலை இயைத்துக்கொண்டனர். இலூவதார் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் புதிய கருக்களை எழுப்பினார். மூன்றாவது இசை ஆழ்ந்ததும் துயர் தோய்ந்ததுமாக எழுந்தது. மெல்கோரின் இசையோ ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் முழக்கும் ஆரவாரமாயிற்று. அந்த ஆரவாரத்தின் வெற்றிச் சுரங்களையும் மூன்றாம் இசை தன்னுள் ஏற்று இழைத்துக்கொண்டது.

பின்னர் அவ்விசையே ஓர் உலகின் காட்சியாக அவர்களுக்குக் காட்டப்படுகிறது. இவ்விடத்தில் நம் உள்ளத்தைக் கவரும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நீருக்குரிய விண்ணவன் உல்மோ. அவனுடைய நீரைக் கெடுப்பதற்காகவே மெல்கோர் கடுங்குளிரை நினைத்தான். விளைந்ததோ பனித்துகளின் அழகு. அடங்காத வெப்பத்தை நினைத்தான். விளைந்தனவோ முகிலும் மழையும். தன் நீர் தான் எண்ணியதினும் அழகுற்றதைக் கண்டு உல்மோ வியந்து நிற்கிறான். தீயவன் அழிக்க நினைத்தது அழகாய் முடிந்ததே என்று மகிழ்வதா, அழகு தோன்றத் தீமை வேண்டுமோ என்று கலங்குவதா என்னும் வினா இதைப் படிப்போர் உள்ளத்தில் எழும். ஆசிரியர் விடை கூறவில்லை. பனியையும் மழையையும் காட்டிவிட்டுக் கதையைத் தொடர்கிறார்.

உலகிற்குள் இறங்கியபின் மெல்கோர் செய்த கொடுமைகளைச் சுருங்கக் கூறுவோம். விண்ணவர் ஏற்றிய இரு பெருவிளக்குகளை வீழ்த்தினான். போரில் தோற்று, மூன்று ஊழிகள் சிறையிருந்தான். மனம் திருந்தியவன்போல் நடித்து விடுதலை பெற்றான். பேரொளி வீசிய இரு மரங்களை உங்கோலியன்ட் என்னும் பூதச் சிலந்தியின் துணையொடு பட்டழியச் செய்தான். அம்மரங்களின் ஒளியைத் தாங்கிய சில்மரில் என்னும் மூன்று மணிகளை, காவலிருந்த மன்னனைக் கொன்று கவர்ந்தான். அவற்றைத் தொட்ட கைகள் கருகின; அந்தப் புண் ஆறவேயில்லை. மணிகளைச் செய்த ஃபெயனோர் என்பான் அன்று அவனுக்கு மோர்கோத் என்று பெயரிட்டான். உலகின் கரிய பகைவன் என்பது அதன் பொருள். ஆற்றலோடு எழுபவன் என்னும் பொருளுடைய மெல்கோர் என்ற பெயர் அத்துடன் மறைந்தது. இறுதிப் போரில் அவன் கால்கள் வெட்டப்பட்டன. முடி கழுத்து வளையமாக அடிக்கப்பட்டது. காலமற்ற வெறுவெளிக்குள் அவன் தள்ளப்பட்டான்.

இவனைத் தமிழில் அசுரன் என்று குறிப்பது பொருந்தாது என்பது என் கருத்து. அசுரர் பிறப்பாலேயே வேறொரு கூட்டத்தார். இவனோ விண்ணவருள் முதல்வன். மன்னவன் மான்வேக்கு இலூவதாரின் எண்ணத்தில் உடன்பிறப்பு. எந்த உயரத்தினின்று வீழ்ந்தான் என்பதில்தான் அவன் கதையின் துயரம் இருக்கிறது. வீழ்ந்த விண்ணவன் என்பதே சாலப் பொருந்தும்.

இனி, இக்கருத்தின் மூலம் யாது எனக் காண்போம். எபிரேய மறையின் ஏசாயா ஆகமத்து 14ஆம் அதிகாரம், பாபிலோன் மன்னன் ஒருவனை எள்ளி, வானத்து விடிவெள்ளி மண்ணில் வீழ்ந்ததாகப் பாடுகிறது. விடிவெள்ளி என்னும் சொல் இலத்தீன் மொழிபெயர்ப்பில் லூசிபர் ஆயிற்று. பிற்காலக் கிறித்தவ அறிஞர் அதனைக் கலகம் செய்து வீழ்ந்த வானதூதனின் பெயராகக் கொண்டனர். மண்ணுலக மன்னனைச் சுட்டிய ஓர் உவமை விண்ணுலக வரலாறாக மாறிய விந்தை இது! பழைய ஆங்கிலத்தில் ஆதியாகமத்தைத் தழுவிய செய்யுள் ஒன்று ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்து ஏட்டில் உள்ளது. அதில் வீழ்ந்த தூதன் விலங்கிடப்பட்ட நிலையில் தன் குறையைச் சொல்லி முழங்கும் பகுதி நடையால் வேறுபட்டிருப்பதைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் எட்வார்ட் சீவர்ஸ், அது பழைய சாக்சன் மொழியினின்று பெயர்க்கப்பட்டது என 1875இல் கருதினார். 1894இல் வத்திக்கான் நூலகத்தில் அம்மூலத்தின் துண்டுகள் கிடைத்து, அவர் கூற்று மெய்யாயிற்று. மொழியறிவு மட்டுமே கொண்டு காணாத நூலைக் கண்ட இச்செய்தி, மொழியாசிரியராகிய நமக்குப் பெருமிதம் தருவது. பழைய ஆங்கிலமே தொழிலாகக் கொண்ட டோல்கினுக்கு இச்செய்யுள் நன்கு தெரிந்த ஒன்று.

மில்டனின் 'இழந்த சொர்க்கம்' 1667இல் வெளிவந்தது. அதில் வரும் சாத்தான் நாவன்மை மிக்கவன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் பிளேக், மில்டன் தாம் அறியாமலே சாத்தானின் பக்கம் நின்றார் என்று எழுதும் அளவுக்கு அவன் பேச்சு படிப்போரை ஈர்த்தது. டோல்கின் இந்த வாய்ப்பைத் தம் தீயோனுக்கு வழங்கவில்லை. மெல்கோர் பேசும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் நீண்டது, சிறைப்பட்ட ஹூரின் என்னும் மனிதத் தலைவனிடம் அவன் பேசுவது. 1980இல் அச்சான பகுதி இது. அங்கே அவன், உலகிற்கு முன்னே இருந்தவன் தான் என்றும் உலகைப் படைத்தவனும் தானே என்றும் கூறிக்கொள்கிறான். விலங்கு பூண்ட மனிதனோ, உலகிற்கு முன் இருந்தோர் பிறரும் உளர், நீ அதைப் படைக்கவில்லை என்று அஞ்சாமல் மறுக்கிறான். பொய்யன் கூறிய பொய்கள் பல. அவற்றுள் எல்லாம் தலையாய பொய் இதுவே என்று நான் கருதுகிறேன். ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

விடிவெள்ளியைப் பற்றி இன்னும் ஒரு சொல். டோல்கின் 1914 செப்டம்பரில், கின்வுல்ஃப் என்பார் பெயரால் வழங்கும் பழைய ஆங்கிலச் செய்யுளில் கண்ட எயாரெண்டல் என்னும் ஒளிமிக்க பெயரில் உள்ளம் பறிகொடுத்து, விண்மீனாகிய கப்பலோட்டியைப் பற்றி ஒரு கவிதை இயற்றினார். அவருடைய தொன்மத்தின் வித்து அதுவே. மணியை நெற்றியில் அணிந்து வானில் செல்லும் எயாரெண்டில் என்னும் அக்கப்பலோட்டிதான், மெல்கோரை வீழ்த்த விண்ணவர் உதவியை வேண்டிப் பெற்றவன். மேலைநாட்டு மரபு விடிவெள்ளியின் பெயரை வீழ்ந்தவனுக்கு அளித்திருந்தது. டோல்கின் அதனை மீட்டு, வீழ்ந்தவனை எதிர்த்தவனுக்கு அளித்தார். இதனைத் திட்டமிட்டே செய்தார் என்று நான் வாதிடமாட்டேன். ஆயினும் அது நிகழ்ந்தது.

மெல்கோர் இட்லரின் உருவகம் என்று கூறுவார் உளர். காலக்கணக்கு அதற்கு இடந்தரவில்லை. டோல்கின் 1916 சூன் மாதம் லங்காஷயர் துப்பாக்கிப் படைப்பிரிவின் அதிகாரியாகப் பிரான்சு சென்று, சோம் ஆற்றுப் போர்க்களத்தில் இருந்தார். பள்ளிப்பருவ நண்பர் நால்வருள் ராப் கில்சன் சூலை 1ஆம் நாள் போரின் முதல் நாளிலேயே மாண்டார். ஜெப்ரி பாக் ஸ்மித் திசம்பர் 3ஆம் நாள் புண்பட்டு இறந்தார். பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு நவம்பரில் தாயகம் திரும்பிய டோல்கின், உடல் தேறும் காலத்தில் 'கோந்தொலின் வீழ்ச்சி' என்னும் கதையை எழுதினார். 1920 மார்ச்சில் தாம் பயின்ற எக்சிட்டர் கல்லூரியின் கட்டுரைக் கழகத்தில் அதைப் படித்தும் காட்டினார். அக்கதையில் மெல்கோ (அன்று அவன் பெயர் அதுவே) ஒரு நகரத்தை அழிக்க இரும்பு நாகங்களை ஏவுகிறான். அவற்றின் குடைவான வயிற்றுக்குள் ஓர்க்குகள் என்னும் கொடியோர் அமர்ந்து வருகின்றனர். கவசவண்டிகள் உலகப் போர்க்களத்தில் முதன்முதல் இறங்கியது 1916 செப்டம்பர் 15ஆம் நாள், அதே சோம் களத்தில்! இரண்டிற்கும் தொடர்பு இல்லை என்று கூறுவது அரிது. எனினும், பகை நாட்டுத் தலைவன் எவனையும் அவர் மெல்கோ ஆக்கவில்லை. உயிரற்ற இரும்பைக் கொண்டு உயிர்களை ஆள முற்படும் மனப்போக்கையே அவனுக்குக் கொடுத்தார். இட்லர் ஆட்சிக்கு வந்தது 1933இல். மெல்கோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே முழு உருப்பெற்றுவிட்டான்.

அந்தப் பழைய மெல்கோ பிந்திய மெல்கோரினும் எளியவன். ஒரு நாட்டுப்புறக் கதையின் குறும்பும் அவனிடம் உண்டு. அவனைச் சிறைபிடிக்கும் கதையைப் பாருங்கள். விண்ணவர் செம்பு, வெள்ளி, வெள்ளீயம், காரீயம், இரும்பு, பொன் ஆகிய ஆறு உலோகங்களைக் கலந்து ஒரு சங்கிலி செய்கின்றனர். உலோகத்தின் பெயர்கூட அந்த ஆறு பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது. பின், அவனுக்குப் பணிவதுபோல் நடித்து, மற்போர் வல்ல துல்காசை விலங்கிட்டவன்போல் உடன் அழைத்துச் சென்று, ஏமாற்றிப் பிடிக்கின்றனர். பிந்திய படியில் இவ்வஞ்சகம் முழுதும் நீக்கப்பட்டது, நேர்ப்போரே நிகழ்கிறது. நல்லோர் பொய்யால் வெல்வதை முதிர்ந்த டோல்கின் ஒப்பவில்லை போலும். கதைச்சுவை நோக்கினால் பழைய படியே சுவை மிக்கது என்பேன்.

இவை எல்லாவற்றினும் ஆழ்ந்த மாற்றம் ஓர்க்குகளைப் பற்றியது. பழைய படியில் மெல்கோ அவர்களை நிலத்தடி வெப்பத்தினின்றும் சேற்றினின்றும் தானே உண்டாக்குகிறான். டோல்கினின் சமய நம்பிக்கையோ இதற்கு இடந்தராதது. தீமைக்குத் தனித்த இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவே என்பது புனித அகுஸ்தீன் (354 – 430) நிலைநாட்டிய கொள்கை. ஒளியும் இருளும் இரு சம ஆற்றல்கள் என்னும் மானி சமயத்தில் தாமே ஒன்பதாண்டளவு இருந்து, அதை விட்டு வெளிவந்தவர் அவர். தீயோன் உயிரைப் படைக்கவல்லவன் என்று எழுதினால், அவனும் ஒரு கடவுள் ஆகிவிடுவான். 'மோதிரங்களின் தலைவன்' நூலிலேயே இரு குரல்கள் உள்ளன. மரங்காக்கும் முதியவர், பகைவன் பூதங்களை உண்டாக்கினான் என்கிறார். கதைத்தலைவன் ஃபுரோடோவோ, இருளால் போலி செய்யத்தான் முடியும், மெய்யான புதுப்பொருள் எதையும் ஆக்க முடியாது என்கிறான். ஆக்ஸ்போர்டில் கத்தோலிக்க நூற்கடை ஒன்றின் மேலாளர் 1954இல் இம்முரணைச் சுட்டி மடல் எழுதினார். டோல்கின் நெடிய மறுமொழி ஒன்று வரைந்தார். இறுதியில் அதனை அனுப்பாமலே வைத்துவிட்டார். நூற்கடைக்காரர் கேட்ட கேள்விக்காகப் பேராசிரியர் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தார் என்பதே அவ்வினா எங்கே தைத்தது என்பதைக் காட்டும்.

ஓர்க்குகள் படைக்கப்பட்டவர் அல்லர்; சிறைபிடித்துச் சிதைக்கப்பட்ட எல்ஃப் இனத்தார் என்று பின்னர் எழுதினார். ஒரு முடிச்சு அவிழ, வேறொன்று இறுகியது. எல்ஃப்களுக்கு அழியாத ஆன்மா உண்டு. எனின் ஓர்க்குகளுக்கும் உண்டு. அவர்கள் திருந்த வழி உண்டா? இல்லை எனில், ஒரு முழு இனத்தையே மீளாக் கேட்டில் ஆழ்த்தும் வல்லமை தீயோனுக்கு உண்டென்று ஆகும். உண்டு எனில், நூல் நெடுகிலும் நல்லோர் அவர்களை ஈவிரக்கமின்றிக் கொன்று குவிப்பது யாங்ஙனம் அறமாகும்? 1950களின் பிற்பகுதியில் எழுதிய குறிப்புகளில், அவர்கள் மனிதரினின்று வந்தவரோ, பேச்சுப் பழக்கிய விலங்குகளோ என்றெல்லாம் அவர் மாறி மாறி எண்ணுகிறார். இலக்கியத்தில் தீயோர் கூட்டத்தைப் படைத்து வீரர்கள் கையில் கொடுத்துவிடும் எழுத்தாளர் பலர். அக்கூட்டத்திற்கும் ஆன்மா உண்டோ என்று முதுமையில் உறக்கம் கெட்டவர் வேறு எவரையும் நான் அறியேன்.

படைப்பைப் பற்றி மற்றொரு கதையும் உண்டு. கைவினைக்குரிய விண்ணவன் ஔலே, மாணவர் வேண்டுமென்னும் ஆவலால், இலூவதாரின் காலம் வருமுன் தானே குள்ளர்களைச் செய்துவிடுகிறான். கண்டிக்கப்பட்டதும் அழுதவாறே அவர்களை நொறுக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். குள்ளர் அஞ்சிப் பின்வாங்குகின்றனர். பொம்மைகளுக்கு அச்சம் ஏது? அவர்களுக்கு இலூவதார் அதற்குள் உயிர் கொடுத்துவிட்டார்! ஔலேயும் மெல்கோரும் ஒரே ஆசையில் தொடங்கினர். ஒருவன் ஆக்கியதை ஒப்படைத்தான். மற்றவன் ஆக்காததையும் தனதென்றான். 1951இல் பதிப்பாளர் மில்டன் வால்ட்மனுக்கு எழுதிய நெடுமடலில் டோல்கின், புனைவோனுக்கும் இவ்விடர் உண்டு, தன் படைப்புக்குத் தானே தலைவனாகவும் கடவுளாகவும் விளங்க அவன் விரும்பக்கூடும் என்கிறார். ஓர் உலகையே புனைந்த மனிதர் எழுதிய சொற்கள் என்பதை மனத்தில் கொண்டு இதைப் படித்தல் வேண்டும்.

அந்தப் பிற்காலக் குறிப்புகளில் மெல்கோரின் வீழ்ச்சிக்குப் புதிய விளக்கம் ஒன்றும் காணப்படுகிறது. சௌரோன் தன் ஆற்றலை ஒரு மோதிரத்தில் அடக்கினான். மெல்கோரோ தன் ஆற்றலை உலகின் பருப்பொருள் முழுதிலும் கரைத்துவிட்டான். மண்ணுலகமே அவனுடைய மோதிரம். பொன்னில் அவன் கூறு மிகுதி, வெள்ளியில் அவ்வாறில்லை, நீரிலோ அவன் கலப்பு ஏறக்குறைய இல்லை. உல்மோவின் நீரைக் கெடுக்க முயன்று தோற்ற அந்தப் பழைய நிகழ்ச்சி இங்கே பொருள் பெறுகிறது. எல்லாவற்றையும் தனதாக்க முயன்று, தன்னையே செலவிட்டுச் சுருங்கினான். அதனால்தான், தனியனாய்க் கோட்டை வாயிலில் வந்து அறைகூவிய எல்ஃப் மன்னன் ஃபிங்கோல்பினுக்கு அவன் அஞ்சினான். அவனைக் கொன்றான் எனினும் ஏழு புண்கள் பெற்று, ஒரு கால் நொண்டியானான். சௌரோனுக்கு உலகை ஒழுங்குபடுத்தி ஆளும் எண்ணமேனும் இருந்தது. மெல்கோருக்கு இறுதியில் எஞ்சியது, தான் செய்யாத எதுவும் இருத்தல் கூடாது என்னும் வெறுப்பு ஒன்றே.

இக்குறிப்புகளை 1977ஆம் ஆண்டு நூலில் தேடினால் கிடைக்கா. தந்தையார் விட்டுச்சென்ற தாள்கள் பல்வேறு காலத்தன, ஒன்றோடொன்று ஒவ்வாதன. அவற்றினின்று முரணற்ற ஒரே கதையைத் தொகுத்துத் தருவதே மகனார் அன்று மேற்கொண்ட வழி. அதன்படி, எல்ஃப்களே ஓர்க்குகளாயினர் என்னும் கருத்து, அறிஞர் கொண்ட கொள்கை என்ற அளவில் அந்நூலில் இடம்பெற்றது; படிப்போர் அதையே முடிந்த முடிபாகக் கொண்டனர். பின்னர் கிறிஸ்டோபர், தாள்களை உள்ளது உள்ளவாறே 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் 10ஆம் தொகுதி 1993இல் வெளிவந்தது. அதன் பெயரே 'மோர்கோத்தின் மோதிரம்'. எல்ஃப் என்றும் மனிதர் என்றும் விலங்கு என்றும் டோல்கின் எழுதிய விடைகள் யாவும், ஒன்றையொன்று மறுத்தவாறே, அத்தொகுதியின் பக்கங்களில் அடுத்தடுத்து அச்சாகியுள்ளன.